வெள்ளை வரிகள்

இதை என்னால் படிக்க முடியவில்லை. செல்வநாயகம் சார் எழுதியிருந்தது அவ்வளவுதான். ஒரே வரி, தமிழில், கடைசியில் முற்றுப்புள்ளியோடு. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த கோகிலவாணி கையின் ஈரம் காய்வதற்குள் அதைத் திரையில் பார்த்துவிட்டாள். எலுமிச்சை சாதத்தின் வாசனை இன்னும் விரல் நுனியில் இருந்தது. இந்த ஆபீஸில் யாரும் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. ஓகே, டன், லுக்ஸ் குட், ஒரு கட்டைவிரல் படம், அதோடு முடிந்துவிடும். முற்றுப்புள்ளி வைக்கிறவர்கள் ஒன்று கோபமாக இருப்பார்கள், இல்லை பழைய ஆட்களாக இருப்பார்கள். அவர் பழைய ஆள். பழைய ஆளாக இருந்துகொண்டு கோபமாகவும் இருக்கலாம். படிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாமே, எதற்கு ‘என்னால்’. மற்றவர்களால் முடியும், என்னால் முடியவில்லை என்றா. நீ எழுதியது இந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழியா. போன மாதம்தான் அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வந்தார், எல்லோரும் கேலி செய்தார்கள், அவரும் சிரித்தார். ஒருவேளை கண்ணைத்தான் சொல்கிறாரோ. கண்ணாக இருந்தால் நல்லது. ஒரு மனிதருக்குக் கண் தெரியாமல் இருப்பதை நல்லது என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு உடனே சங்கடமாகிவிட்டது. ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு மறுபடியும் அந்த வரியைப் படித்தாள். அது அப்படியேதான் இருந்தது.

அவர் படிக்க முடியவில்லை என்று சொன்னது ஒரு டிஃப். கோட் என்கிற ப்ரோகிராம் வரிகளில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எது போனது, எது வந்தது என்று காட்டுகிற பக்கம். போன வரி சிவப்பு, வந்த வரி பச்சை, மாறாமல் இருப்பது வெள்ளை. சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற கம்பெனி இது, சரவணம்பட்டியில் மூன்றாவது மாடி, கீழே மேம்பாலத்துக்காக எந்நேரமும் துளை போட்டுக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிற ஃபங்ஷன் ஒன்று, ப்ரோகிராமில் ஒரு துண்டு, உண்டு. செல்வநாயகம் சார் பல வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ஒரு ஃபங்ஷன் ஒரு வேலையைச் செய்யவேண்டும் என்பார்கள், இது ஒரு ஆஸ்பத்திரியையே நடத்தியது. ‘இப்படியென்றால்’ என்று நிபந்தனை போடுகிற இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப், படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எதற்காக இறங்கினோம் என்பது மறந்துபோகும். ஆங்கில எழுத்தில் ‘எடை’, ‘எடை2’ என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார். அதை எடுத்து நான் சீர்செய்தேன், அவள் நினைத்துக்கொண்டாள். சின்னச் சின்னதாகப் பிரித்தேன், பெயர்களை மாற்றினேன், மேலே இருந்ததைக் கீழே கொண்டுபோனேன், ஓரங்களை ஒழுங்காக இழுத்து நிறுத்தினேன். புதிய ப்ரோகிராமைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. கோகிலவாணிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வருகிற மாதிரி ஒரு பெருமை. ஆனால் டிஃப்பைத் திறந்தால் அந்த அழகு எங்கேயும் இல்லை. இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு வெள்ளை, மறுபடி சிவப்பு, பாதி வரி பச்சை, ஓர் அடைப்புக்குறி மட்டும் வெள்ளையாக. எந்த ஃபங்ஷன் எதுவாக மாறியது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஒரே மாதிரி இருக்கிற வரிகளைப் பொறுக்கியெடுத்து, இது அங்கேயும் இருந்தது இங்கேயும் இருக்கிறது, ஆகவே மாறவில்லை என்று வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுகிறது. எல்லாவற்றையும் அரைத்து ஒரே பாத்திரத்தில் ஊற்றிய மாதிரி இருந்தது. எழுதிய எனக்கே பாதிக்குமேல் போக முடியவில்லை. அப்படியென்றால் அவர் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்தால் மட்டும் வலிக்காதா என்ன.

“அக்கா, என்ன சொல்றாரு பெரியவரு?” பக்கத்து நாற்காலியிலிருந்து அஸ்லம் எட்டிப் பார்த்தான். சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும், நல்ல பையன், வேகமானவன். அவள் பதில் சொல்வதற்குள் அந்த வரியைப் படித்துவிட்டான். “நான் அப்ரூவ் போட்டுரட்டுமா? ஒரு ஆளு போட்டாப் போதும்ல. சாயங்காலம் ரிலீஸ்னு ஷர்மிளா மேடம் குதிச்சுக்கிட்டு இருக்காங்க.” டிஃப்பைப் படிச்சயா என்று கேட்டாள். “நீங்க எழுதுனது தானேக்கா, அதுல என்ன படிக்கறது,” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அவள் முதலில் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியிலும் இதே பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. நான்கு வருஷம். அவள் எழுதியதை ஒருவரும் படித்ததில்லை, எல்லோரும் சரி என்றார்கள். காலேஜில் லேப் ரெக்கார்டு கொண்டுபோய் வைத்தால் வாத்தியார் ஃபோனில் மனைவியிடம் கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார், பக்கத்தைப் புரட்டுகிற வேலையை மாணவர்களே செய்யவேண்டும். படத்தைத் தலைகீழாக ஒட்டியிருந்தாலும் அதன்மேல் அவருடைய கையெழுத்து நேராக விழும். கையெழுத்து விழுந்தபிறகு அது சரியான படம். யாரும் படிக்காததை எழுதி எழுதி, படிக்க முடியாததாக எழுதிப் பழகிவிட்டேனோ. இப்போது ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். படித்ததால்தானே முடியவில்லை என்று தெரிந்தது. இந்த எண்ணம் வந்ததும் கொஞ்சம் இளகியது, உடனே இன்னொன்று வந்து மூடிக்கொண்டது: அவருடைய ஃபங்ஷன், அவருடைய பிள்ளை மாதிரி, அதைப் பிரித்துப் போட்டால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும். “இருப்பா, கொஞ்ச நேரம் இரு,” என்றாள் அஸ்லமிடம். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். அவன் விரல் மௌஸின்மேல் இருந்தது. ஒரு சொடுக்குத்தான். அவன் சொடுக்கினால் எல்லாம் முடிந்து டீ குடிக்கப் போய்விடலாம்.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து போனாள். செல்வநாயகம் சாரின் இடம் ஜன்னலோரம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்தது. இந்த நேரத்தில் போய்ப் பேசுவதா என்று நின்றாள், திரும்பிப் போவதும் நன்றாக இருக்காது. பாட்டில் நிரம்பிக்கொண்டிருந்தது. “கண்ணு பரவாயில்லைங்களா சார்?” என்றாள். “கண்ணு ஜோரா இருக்கு. எதிர்ல வர்ற பஸ்ஸோட நம்பரெல்லாம் தெரியுது,” என்றார் கண்ணை மூடிக்கொண்டே. அப்படியென்றால் கண் இல்லை. “அப்ப என்னோடது...” என்று ஆரம்பித்தாள். “அத நான் மூணு தடவ படிச்சேன். எது போச்சு, எது வந்துச்சு, எது சும்மா இடம் மாறிச்சுன்னு எனக்குப் பிடிபடல.” “தப்பா எழுதியிருக்கேன்றீங்களா?” கேட்டபிறகுதான் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது தெரிந்தது. அவர் கண்ணைத் திறந்தார். ஒரு கண் சிவந்து, நிறைய ஈரமாக இருந்தது, அழுதவரின் கண் மாதிரி. “தப்பான்னே தெரியலீங்க. அதத்தான் எழுதினேன்,” என்றார். அவள் பாட்டிலை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். மூடி சரியாகத் திருகவில்லை, வழியெல்லாம் சொட்டியது. அதத்தான் எழுதினேன். இதில் கோபம் இருக்கிறதா. வார்த்தையில் இல்லை. வார்த்தையில் இல்லாவிட்டால் கோபம் இல்லை என்று ஆகிவிடுமா. அவள் புருஷன் தனபால் கோபமாக இருக்கும்போதுதான் ரொம்ப மரியாதையாகப் பேசுவான், சாப்பிட்டாச்சுங்களா என்று பெண்டாட்டியையே கேட்பான்.

தனபால் கடைசியாக அப்படிக் கேட்டது வீடு மாற்றிய சமயத்தில். கணபதியில் இருந்த வீட்டிலிருந்து இப்போதைய வீட்டுக்கு வந்தபோது, மாற்றுகிறபோதே வேண்டாததையெல்லாம் கழித்துவிடலாம், இரட்டை வேலை எதற்கு என்று சொன்னது அவள்தான். ஒரு பக்கம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் பழைய சாமான்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போயிற்று. புது வீட்டில் முதல்நாள் பருப்பு வைக்கப் போனால் குக்கர் இருக்கிறது, மூடி இருக்கிறது, வெயிட் இல்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்தாயிற்று. தூக்கிப் போட்டதில் போனதா, கொண்டுவந்ததில் எங்கேயாவது புதைந்து கிடக்கிறதா, இரண்டில் எது என்று தெரிந்திருந்தால்கூடத் தேடுவதை விட்டிருப்பாள். தெரியாததால் ஒரு மாதம் வரைக்கும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண் தேடியது. கூடவே இருக்கிற அவள் அப்பாவுக்கு இன்னொரு தொல்லை. பழைய வீட்டில் குளியலறை ஸ்விட்ச் வலது பக்கம், இங்கே இடது பக்கம். அவர் வலது சுவரையே தடவிக்கொண்டு நிற்பார், உள்ளங்கையால் மேலும் கீழுமாக, ஸ்விட்ச்சை யாரோ அந்தச் சுவருக்குள் தள்ளிவிட்ட மாதிரி. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இவள் போய்ப் போடுவாள். அவர் போய்க் குளிப்பார். செல்வநாயகம் சார் என் டிஃப்பில் அப்படித்தான் தடவிக்கொண்டு நின்றிருப்பாரோ, மூன்று தடவை. நகர்த்தினதும் நானே, மாற்றினதும் நானே, தூக்கிப்போட்டதும் நானே, எல்லாம் ஒரே மூச்சில். முதலில் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் கழித்திருந்தால் வெயிட் எங்கே போனது என்று தெரிந்திருக்கும். இத்தனை சாதாரணமான விஷயம். சாதாரணமான விஷயங்கள்தான் ஒருவர் சொல்லும்வரை நினைப்புக்கு வருவதில்லை, அவர் அதைச் சொல்லக்கூட இல்லை, முடியவில்லை என்றுமட்டும்தான் சொன்னார்.

ஷர்மிளா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவளைவிட வயதில் சின்னவள், மானேஜர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவள், அதனால் மூச்சுவிடாமல் பேசுவாள். “கோகிலா, அது போயிடுமில்ல? கஸ்டமர்கிட்ட இன்னைக்குன்னு சொல்லிட்டேன். அஸ்லம் அப்ரூவ் பண்ணட்டுமே, செல்வநாயகம் சாருக்கு எதுக்குத் தொந்தரவு.” போயிடும் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. “பிரிச்சு அனுப்பறேன் ஷர்மிளா, இப்ப இருக்கற மாதிரி யாராலயும் படிக்க முடியாது,” என்று வேறெதுவோ வந்தது. டெஸ்ட்டெல்லாம் பாஸ்தானே என்று கேட்டாள் ஷர்மிளா. பாஸ்தான், எல்லாம் பச்சைதான். “அப்புறம் படிக்கறதுக்கு என்ன இருக்கு?” ப்ரோகிராமைத் தானாகச் சோதித்துப் பார்க்கிற டெஸ்ட்டும் நான் எழுதியது, எனக்குத் தோன்றியதைத்தான் அது கேட்கும், எனக்குத் தோன்றாததை அது எப்படிக் கேட்கும் என்று பிறகு, ஷர்மிளா போனபிறகு, பதில் வந்தது. பதில்களே அப்படித்தான், பஸ் போனபிறகு நிறுத்தத்துக்கு வந்து சேரும். ஏசி நேராகக் கழுத்தில் அடித்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

முதலில் சுலபமான வழிகளைப் பார்த்தாள். ஓரத்து இடைவெளி மாறியதைக் கணக்கில் எடுக்காதே என்றால் கொஞ்சம் குறைந்தது, வாசலைப் பெருக்கிய அளவுக்கு, வீடு அப்படியேதான் கிடந்தது. வரிகளைப் பொருத்திப் பார்க்கிற முறைகளே பலவிதம் உண்டு, அதில் ஒன்றுக்குப் பொறுமை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்த்தாள். அடைப்புக்குறியையும் வெற்று வரியையும் பிடித்துக்கொண்டு தொங்காமல், தனித்துவமான வரிகளை மட்டும் பிடித்து நிறுத்தியது. பரவாயில்லை. ஆனால் அது அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான், அவர் பார்க்கிற பக்கத்தில் அதே கலவைதான் தெரியும். ஆக வேறு வழியில்லை. பழைய கோடிலிருந்து மறுபடி நடக்கவேண்டும். எழுதி முடித்ததை ஓரமாக வைத்துவிட்டு, பழையதைத் திறந்துகொண்டாள். மாற்றங்களைத் தனித்தனிக் கட்டாகச் சேமிப்பதுதான் கமிட்; முதல் கமிட்டில் இடம் மாற்றுவது மட்டும். ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது, தூக்கி வைக்கவேண்டும். கை பரபரத்தது. தூக்கும்போதே இந்தப் பெயரைத் திருத்திவிட்டால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருந்தது, கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவதில் பெயர் மாற்றம் மட்டும். மூன்றாவதில் புதிய ஃபங்ஷன்களைப் பழையதற்குப் பக்கத்தில் முழுதாக எழுதி வைத்துவிடுவது, யாரும் கூப்பிடாமல் சும்மா நிற்கும், முழுக்கப் பச்சை. நான்காவதில் கூப்பிடுகிற இடத்தை மட்டும் புதியதற்குத் திருப்புவது. கடைசியில் பழையதை எடுப்பது, முழுக்கச் சிவப்பு. இப்படிச் செய்யும்போது பழையதை ஒவ்வொரு வரியாகப் பார்க்கவேண்டியிருந்தது, முதல்தடவை அப்படிப் பார்க்கவில்லை, முதல்தடவை இடிக்கப்போகிற சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர் அசிங்கமாக எழுதவில்லை. அவசரமாக எழுதியிருக்கிறார், ஒவ்வோர் இஃப்பும் ஏதோ ஒருநாள் யாரோ ஃபோன் செய்ததன் அடையாளம். எடை2 வந்தது. அதை அவள் எடுத்துவிட்டிருந்தாள். எடை என்று ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு, யாரோ நகலெடுத்துவிட்டு அழிக்க மறந்தது என்று. எடை2 காலியாக இருந்தால் கணக்கிடாதே, திரும்பிப் போ என்று இரண்டு வரி. விரல் அங்கே கொஞ்சம் நின்றது. டெஸ்ட் பாஸாகிறதே. அட்மிஷன் ஸ்க்ரீனில் எடை போடாமல் மேலே போகவே முடியாதே, அப்புறம் காலியாக எப்படி இருக்கும். இருக்காது. மேலே போனாள். போனபிறகும் காலில் குத்தின முள் மாதிரி அது கொஞ்ச தூரம் கூடவே வந்தது, அப்புறம் பெயர் மாற்றங்களின் சிரத்தையில் மறந்துபோயிற்று.

அனுப்பிவிட்டாள். ஒன்று ஐந்தாகி வரிசையாக நின்றது, ஒவ்வொன்றின் தலைப்பிலும் இதில் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்று எழுதினாள். ‘இடம் மாற்றம் மட்டும். நடத்தையில் மாற்றமில்லை.’ எழுதும்போது அவளும் முற்றுப்புள்ளி வைத்தாள். அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது என்று முடிவுசெய்து பார்த்தாள். அவருடைய திரையில் பச்சை தெரிந்தது, முழுப் பச்சை, தென்னந்தோப்பை விமானத்திலிருந்து பார்க்கிற மாதிரி. படித்துக்கொண்டிருந்தார். கை மோவாயில் இருந்தது. அவள் எழுதியதை ஒரு மனிதர் வரிவரியாகப் படிப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. பரீட்சைத்தாளை எதிரிலேயே வைத்துத் திருத்துகிற மாதிரி, இல்லை, அதுகூட இல்லை, ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற அந்த நேரம் மாதிரி. அவளுக்கு அந்த நேரம் தெரியும். ஐந்தாம் மாதத்தில், ஆர்.எஸ்.புரத்தில், டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு நர்ஸை வெளியே அனுப்பினார், பிறகுதான் சொன்னார். அதன்பிறகு பிள்ளை இல்லை. அதை எப்போதும் இந்த நேரத்தில் நினைப்பதில்லை, காலையில் பஸ்ஸில்தான் நினைப்பாள், அதற்கென்று ஓர் இடம் உண்டு. இப்போது எங்கிருந்தோ நகர்ந்து இங்கே வந்து நிற்கிறது. படிக்கிறவர் பேசாமல் இருந்தால் பயமாக இருக்கிறது. பேசாமல் சரி என்கிறவர்கள் யாரும் இப்படிப் பயமுறுத்தியதில்லை. அதுதான் வித்தியாசமோ. அவர் எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு இந்தப் பக்கமாக வந்தார்.

“நல்லா இருக்கு,” என்றார் முதலில். அஸ்லமின் மேஜை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். “இப்பப் படிக்க முடியுது. கடைசி கமிட்டத் திறங்க. சிவப்பு.” திறந்தாள். “இந்த ரெண்டு வரி, எடை2. இது பச்சையில எங்க இருக்கு?” இல்லை சார், அது டூப்ளிகேட் என்று நினைத்து எடுத்தேன், அட்மிஷனிலேயே எடை வாங்கிவிடுகிறோமே என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “வார்டு அட்மிஷன்ல வாங்கறோம். எமர்ஜென்சியில வந்தா அந்த ஸ்க்ரீனே வராது. போன தடவை வந்தப்ப இருந்த எடைய எடுத்துக்கும். அதுதான் எடை. இந்தத் தடவை போட்டது எடை2.” அவர் தொடர்ந்தார், அவளிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், ஞாபகத்திலிருந்து எடுத்துப் படிக்கிற மாதிரி. “ஒரு குழந்தை. சிறுநீரகக் கோளாறு, உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியிருந்துச்சு போல, அப்பப் போட்ட எடை. ரெண்டு மாசம் கழிச்சுக் காய்ச்சல்னு எமர்ஜென்சியில தூக்கிட்டு வர்றாங்க. நம்ம கணக்கு பழைய எடைக்கு மருந்து சொல்லிருச்சு. ஊசியில மருந்த இழுத்தாச்சு, இன்னும் குத்தல. அந்த அம்மா கேட்டிருக்காங்க, என்னங்க இவ்ளோ எடை போட்டிருக்கீங்க, இவன் இப்ப அவ்ளோ கனமில்லையே, வீக்கமெல்லாம் வடிஞ்சிருச்சேன்னு. அதோட நிறுத்திட்டாங்க. ஒண்ணும் ஆகல.” கீழே துளையிடுகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. “அன்னைக்கு நின்னுக்கிட்டே எழுதின ரெண்டு வரி அது. பேரு கூட ஒழுங்கா வைக்கல. எதுக்குன்னு எழுதியும் வைக்கல. எழுதியிருந்தா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க.”

முதலில் அனுப்பியதைத் திறந்தாள், அந்தக் கலவையை. அந்த இடத்துக்குப் போனாள். எடை2 என்ற வரி சிவப்பாக, சிவப்புக் கூட்டத்தில் ஒன்றாகக் கிடந்தது. அதற்கு அடுத்த வரி, கணக்கிடாதே, திரும்பிப் போ என்பது, வெள்ளையாக இருந்தது. மாறவில்லை என்று. இருக்கிறது என்று. அவளுடைய புதிய ஃபங்ஷன் ஒன்றில், வேறெதற்கோ, மருந்தின் பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போ என்று அதே சொற்களில் ஒரு வரி இருந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்தி, இரண்டும் ஒன்றுதான் என்று வெள்ளையடித்திருந்தது கருவி. யார் பார்த்தாலும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அவளே பார்த்திருக்கிறாள், நேற்று, இந்த வெள்ளை வரியைப் பார்த்து, நல்லது என்று தாண்டிப் போயிருக்கிறாள். சாயங்காலம் ரிலீஸ். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் எமர்ஜென்சியில், அங்கே நிற்கிற அம்மா கேட்கிறவளாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லையே, பயந்து பேசாமல் நிற்கிறவளாகவும் இருக்கலாம். “கோவம்னு நெனச்சேன் சார்,” என்றாள். “யாருக்கு, எனக்கா?” என்றார். “உங்க ஃபங்ஷன உடைச்சிட்டேன்னு.” அவர் சிரித்தார். சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது, மருந்தாக இருக்கும். “அத எவனாவது உடைக்க மாட்டானான்னு ஏழெட்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்,” என்றார். துடைத்துக்கொண்டார். “ஆனா எனக்கு இருந்தது பயம். படிக்க முடியாதத சரின்னு சொல்றதுக்கு எனக்கு பயம்.”

இந்த ரிலீஸ் திங்கட்கிழமைக்குப் போயிற்று. அதை கோகிலவாணியே போய்ச் சொன்னாள், ஷர்மிளா மூச்சுவிடாமல் நிறையப் பேசினாள், குழந்தையின் கதையைக் கேட்டதும் நிறுத்தினாள், சரி, நான் கஸ்டமரிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். திரும்பி வந்து அந்த இரண்டு வரியை மறுபடி எழுதினாள். எடை2வை ‘இம்முறை எடுத்த எடை’ என்று ஆக்கினாள். மேலே எதற்காக என்று எழுதினாள், வீக்கம், வடிந்தது, எமர்ஜென்சி, எல்லாம். இது மட்டும் தனியாக ஆறாவது கமிட், சின்னது, ஒரே பார்வையில் முடிந்துவிடும். அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் அஸ்லம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முதல் கமிட்டிலிருந்து ஆரம்பித்து வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவன், ஆறாவதில் நின்றான். “அக்கா,” என்றான், தயங்கி, “இது சரிதான். ஆனா ஒண்ணு. இதே தடவை அட்மிட் ஆன குழந்தையே பத்து நாள் வார்டுல கிடந்தா? வீக்கம் அங்கயே வடியுமில்ல? அப்ப அட்மிஷன் அன்னைக்குப் போட்ட எடையும் பழசுதானே?” அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்த செல்வநாயகம் சாரைப் பார்த்தாள். “அத நான் யோசிச்சதே இல்லப்பா,” என்றார். பழைய கோடிலும் அது இல்லை, புதியதிலும் இல்லை. மூன்று பேரும் அந்தச் சின்ன பச்சைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தெளிவாகத் தெரிந்தது, அதில் இல்லாததுகூட.

தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேட்கவேண்டியதுதான். திருப்பூர் பக்கத்தில் அவர்களுடைய சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிற குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் எண் ஆபீஸில் இருந்தது. கோகிலவாணி போட்டாள். மணி நெடுநேரம் அடித்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்டுக்கு ஃபோன் செய்ததில்லை என்பது அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் ஒரு சிஸ்டர் எடுத்தார், பின்னால் ஒரே அழுகைச் சத்தம், பாத்திரச் சத்தம். யார் என்று சொன்னாள், எதற்கு என்று சொன்னாள். வார்டில் இருக்கிற குழந்தைகளுக்கு மறுபடி எடை போடுவீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதைக் கம்ப்யூட்டரில் எங்கே ஏற்றுவீர்கள். “எடையா? போடுவோமுங்க. அத எங்க ஏத்தறதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இடமே இல்லீங்களே, நாங்க சொல்லிச் சொல்லி விட்டுட்டோம்,” என்றார் சிஸ்டர். பிறகு, “ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, இப்பவே ஒண்ணு தராசுமேல நிக்குது,” என்று ஃபோனை மேஜையில் வைத்துவிட்டார். வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்பால், கொஞ்சம் தள்ளி, ஒரு குழந்தை மாட்டேன் மாட்டேன் என்றது. ஒரு பெண்ணின் குரல், அதன் அம்மாவாக இருக்கவேண்டும், “ஆடாம நில்லு சாமி. ஒரே ஒரு நிமிஷம். ஆடாம நில்லு,” என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோகிலவாணி ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாயாமல், அசையாமல் இருந்தாள்.